ஊருக்கெல்லாம் இருக்கும் பேர்

என் மகன் பேரை இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் மாமனார் பேரை எழுதினதாகிவிடும். இரண்டும் ஒரே பேர். மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதனால் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

யாருக்கும் இல்லாத பேராக இருந்தால் தொல்லை இல்லை. மாமனாரை மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும். இது அப்படிப்பட்ட பேர் இல்லை. பழைய காலத்தில் இந்தப் பேரில் ஒரு ராஜா இருந்தார். ஒரு சாமியார் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போனவர் ஒருத்தர். கட்சித் தலைவர் ஒருத்தர். நடிகர் ஒருத்தர், அவருக்குப் பிறகு இன்னொரு நடிகர். எங்கள் குப்பத்தில் மட்டும் நாலு பேர். அவர்களை நெட்டை, எஞ்சின்காரர், கருவாட்டுக்காரர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மாமனாருக்கு மட்டும் பட்டப்பேர் இல்லை. வெறும் பேர்தான். அதுதான் எனக்கு ஆகாத பேர்.

நான் பிறந்தது சுண்ணாம்புக்குளம். ஐந்தாவது வரை படித்தேன். ராஜா பாடம் நாலாவதில் வந்தது. எழுந்து நின்று சத்தமாகப் படித்திருக்கிறேன். அப்போது அது ராஜா பேர். கோட்டைக்குப்பம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அதோடு அது மாமனார் பேர் ஆகிவிட்டது. ராஜாவும் என் வாயிலிருந்து போய்விட்டார்.

கல்யாணமான புதிதில் அத்தையோடு பொன்னேரிக்குப் போனேன். அத்தை என்றால் மாமியார். நாங்கள் இறங்க வேண்டிய இடத்தில் அந்தக் கட்சித் தலைவர் சிலை இருந்தது. அந்த நிறுத்தத்துக்கும் அவர் பேர்தான்.

"எங்கம்மா எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

"சிலை ஸ்டாப்."

"எந்த சிலை? வழி பூரா சிலைதான்."

"மால போட்டுனு இருக்காரே, அவரு."

"எல்லாருந்தான் மால போட்டுனு கீறாங்க. பேரச் சொல்லும்மா."

அத்தை என் தோளுக்கு மேலாக எட்டி, "சொல்ற பேரா இருந்தா சொல்ல மாட்டாளா? டிக்கெட்டக் குடுப்பா" என்றார்.

கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. "ஊட்டுக்காரரா, மாமனாரா?" என்று கேட்டார்.

"மாமனாரு."

"எனக்கும் அதே பேருதாம்மா. நீ என்னையும் கூப்ட முடியாது" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குப் பேச்சு குறைவு. வேலையும் அப்படி. நான் பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர வேண்டும். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டே இருக்கும். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறி முகத்துக்கு முன்னால் மிதக்கும், அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். வாயில் கயிறு இருந்தால் என்ன பேச்சு. ஒரு பேரைச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. வயிற்றில் பிள்ளை வரும் வரைக்கும் தெரியவில்லை.

தலைப்பிள்ளை பையனாக இருந்தால் அப்பாவைப் பெற்றவர் பேர் வைக்க வேண்டும். அதுவும் பழக்கம்தான். இரண்டு பழக்கத்தையும் ஒரே வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்தேன். பெற்றவள் பிள்ளையைக் கூப்பிட முடியாது. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர். வேலை இல்லாத நாளில் ஏரியில் வலை போடுவார். வலையும் இல்லாவிட்டால் போன் பார்ப்பார். எனக்கு மாதம் ஏற ஏற அவருக்கு அந்தப் பேர் மேல் ஆசை ஏறியது. போனில் தேடித் தேடி எடுத்தார்.

"இங்க பாரு. ராஜா ஒருத்தரு. சாமியாரு. கப்பல் ஓட்டினவரு ஒருத்தரு. குஸ்தி போட்டவரு ஒருத்தரு. இன்னும் கீழ போய்னே கீது."

"சரி."

"இன்னா சரி? இத்தினி பேரு பெரியாளா ஆயிருக்காங்க. பேருக்கு ஒரு ராசி கீதுல்ல?"

"உங்க நைனாக்கும் அந்தப் பேருதான். அவரு இன்னா ஆனாரு?"

போனைக் கீழே வைத்தார். பிறகு, "அவரு நல்ல மனுசன்" என்றார்.

"நான் இல்லன்னு சொல்லல. எனக்குக் கூப்ட ஒரு பேரு வேணும்."

"கண்ணுன்னு கூப்டு. செல்லம்னு கூப்டு."

"கண்ணுன்னா குப்பத்துல பாதி புள்ளைங்க திரும்பும்."

"உன்னோட பேஜாரா கீதுமே" என்று போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பேஜார் அவருக்காம்.

பெண் பிறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பையன் பிறந்தான்.

பேர் வைக்கிற நாளுக்குத் தெரு முனையில் பேனர் கட்டினார்கள். என் வீட்டுக்காரரும் அவர் சேக்காளிகளும் செய்த வேலை. நடுவில் தூங்குகிற பிள்ளை. சுற்றிலும் அந்தப் பேர்க்காரர்கள். மேலே மீசை வைத்த ராஜா. பக்கத்தில் சாமியார். கட்சித் தலைவர் கும்பிடுகிறார். இரண்டு நடிகர்களும் இருந்தார்கள், ஒருத்தர் கையில் துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி பிள்ளையின் தலைக்கு நேராக வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். "எல்லாரும் கீறாங்க. நம்ம ஊட்டு ஆளு எங்கடா?" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பேர் கொடுத்தவரை விட்டுவிட்டார்கள்.

"எடம் இல்லம்மா" என்றார். "ஒரு நடிகர எடுத்திருக்கலாம். பசங்க உடல."

மாமனார் வந்து நின்று பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இதுல ஒருத்தரையும் எனக்குத் தெரியலயே" என்றார். பிரியாணி அண்டாவை இறக்க ஆள் வேண்டும் என்று யாரோ கத்தினார்கள். அந்தப் பக்கம் போய்விட்டார்.

நாத்தனார் பிள்ளையை மடியில் வைத்து மூன்று முறை காதில் பேரைச் சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தராக வந்து குனிந்து சொன்னார்கள். நெட்டை வந்து தன் பேரையே சொல்லிவிட்டுப் போனார். அவர் மனைவி வந்து வெறுமனே பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள், அவளுக்கும் அது ஆகாத பேர். என் முறை வந்தது. நான் குனிவதற்குள் நாத்தனார் பிள்ளையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க சொல்லக் கூடாது. சக்கரத் தண்ணி மட்டும் வையுங்க."

வைத்தேன். நக்கிக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே அத்தை மிச்சச் சட்டத்தைச் சொன்னார். பெரியவர் பேர் வைத்த பிள்ளையை வாடா போடா என்று கூப்பிடக் கூடாது. அடிக்கக் கூடாது. திட்டுவதாக இருந்தால் மரியாதையாகத் திட்ட வேண்டும். நான் அவனைச் சின்னவர் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அத்தையும் அப்படியே கூப்பிட்டார். என் வீட்டுக்காரருக்கு அவன் கண்ணு. அத்தனை பேரையும் போனில் தேடினவர், கூப்பிடும்போது கண்ணு என்றார். மாமனார், வாப்பா போப்பா என்பார். தன் பேரைத் தானே கூப்பிட யாருக்கும் வராது.

பிள்ளை நடக்க ஆரம்பித்தான். பிறகு ஓட ஆரம்பித்தான்.

"சின்னவரே, மண்ணத் துப்புங்க."

"சின்னவரே, வல மேல ஒண்ணுக்குப் போகாதீங்க."

"சின்னவரே, அது கொடுக்கு கட்டாத நண்டு. கைய எடுங்க."

எடுக்க மாட்டான். கொடுக்கு கவ்வின பிறகு அழுவான். மரியாதையாகச் சொன்னதை எந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது.

குழாயடியில் பெண்கள் என்னை மாதிரியே பேசிக் காட்டுவார்கள். "கலெக்டரு எழுந்தாச்சா? கலெக்டரு பல்லு தேச்சாச்சா?" என்பார்கள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஒரு நாள் அவன் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளையின் தலையில் கட்டையால் அடித்துவிட்டான். அவள் அம்மா சண்டைக்கு வந்தாள்.

"நாலு சாத்து சாத்தினா இன்னா உனுக்கு?"

"அடிக்கக் கூடாது. மாமனார் பேரு."

"என் மாமனாருக்கு வேற பேருதான். நான் சாத்தவா?"

"சாத்து" என்றேன்.

சாத்தினாள். அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இது மட்டும் அத்தைக்குத் தெரியாது.

அங்கன்வாடியில் சேர்த்தோம். டீச்சர் பழவேற்காட்டுக்காரர், முஸ்லிம் வீட்டுப் பெண். பொறுமையானவர். சேர்த்துக் கொஞ்ச நாளில் என்னை வரச் சொன்னார். போனேன்.

"புள்ளைக்குக் காது நல்லா கேக்குமா?"

"கேக்கும். மிட்டாய் பிரிச்சா அடுத்த தெருவுல இருந்து வருவாரு."

"யாரு வருவாரு?"

"இவன்தான்" என்றேன்.

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "டெய்லி பேரு சொல்லிக் கூப்டறேன். திரும்பியே பாக்க மாட்டேங்குது. முட்ட குடுக்கறப்போ கூப்ட்டாகூட வரல. இருங்க" என்று அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"தம்பி, உன் பேரு இன்னா?"

"சின்னவரு."

"அது ஊட்டுல கூப்டறது. உன் பேரு?"

"சின்னவரு."

டீச்சர் அந்தப் பேரைச் சொன்னார். "இது யாரு பேரு?"

"தாத்தா பேரு."

"அப்பறம்?"

"சிலையோட பேரு. பஸ்ல எழுதிக்கீதே, அது பேரு. மீச வெச்ச ராஜா பேரு." வீட்டில் பாதி வாசலை மறைக்க அந்தப் பேனரைத்தான் கட்டியிருந்தோம். தினமும் பார்ப்பான்.

"உன் பேரு இல்லியா?"

"இல்ல" என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை. பசிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பான் பாருங்கள், அப்படிச் சொன்னான். சொல்லிவிட்டு மண்ணில் விளையாடப் போனான்.

"ஊட்டுல யாருமே பேரு சொல்லிக் கூப்டறது இல்லியா?" என்றார் டீச்சர்.

நான் பழக்கத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரி. நாளைக்குத் திருவிழாக் கூட்டத்துல தொலஞ்சா? உன் பேரு இன்னான்னு மைக்ல கேட்டா, சின்னவருன்னு சொல்லும். யாரு புள்ளன்னு தேடறது?"

வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியெல்லாம் எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை. ராஜா மேல், போன் மேல், பேனர் மேல், என் வாய் மேல். ஊரில் இருக்கிறவர்கள், செத்துப் போனவர்கள், எல்லாருக்கும் அந்தப் பேர் இருக்கிறது. வைத்துக்கொண்ட பிள்ளைக்கு மட்டும் இல்லை. பெற்றவள் கூப்பிடாமல் பிள்ளைக்குப் பேர் எப்படி ஒட்டும்.

மாமனார் கரையில் படகு நிழலில் உட்கார்ந்து நண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் அதிகம் பேசினதில்லை. சோறு எடுத்து வைத்தால் சாப்பிடுவார். கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"மாமா."

"ம்."

"புள்ளைக்கு அது பேரு தெரியல."

ஊசி நிற்கவில்லை. "எந்தப் பேரு?"

"உங்க பேரு."

"அது பேரு அதுக்கே தெரியலியா? ஏன்?"

"ஊட்டுல யாரும் கூப்டறது இல்ல."

"நீ கூப்டேன்."

"நான் எப்டிக் கூப்டறது?"

"வாயத் தொறந்து கூப்டு."

"கூடாதுன்னு இருக்குதுல்ல மாமா."

"யாரு சொன்னா?"

"அத்தை."

"நான் எப்பனா சொன்னனா?"

இல்லை. ஒரு நாளும் சொன்னதில்லை.

"அந்தப் பழக்கம் வேணான்னு ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமே மாமா."

"யாரு கேட்டீங்க?" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார். "எனக்கு எங்க மாமியா சொன்னாங்க. அவங்க போய்ச் சேந்துட்டாங்க. இனிமே யாரப் போய்க் கேக்கறது?" என்றார். இன்னும் இரண்டு மீன் கழுவினார். "அவரே சொன்னாருன்னா நீ கூப்டு. நான் மாட்டேன். இத்தினி வருசம் கழிச்சு நான் போய்க் கூப்ட்டா, எவனோ ஒருத்தனக் கூப்டற மாதிரி இருக்கும்."

சொல்லலாம் என்று ஆகிவிட்டது. வாய் வரவில்லை. நாலாவதில் எழுந்து நின்று படித்த பேர். வெறும் மூன்று எழுத்து. முதல் எழுத்து வரும், பிறகு இருமல் வரும். சின்னவர் என்னை அண்ணாந்து பார்ப்பான். "தண்ணி வேணுமாம்மா?" என்பான்.

மறுநாள் ஏரியில் கயிற்றைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன். வந்தது. வந்த வேகத்தில் கையில் இருந்த இறால் நழுவிப் போய்விட்டது. நல்ல பெரிய இறால்.

பக்கத்தில் தடவிக்கொண்டிருந்தவள் கயிற்றை எடுத்துவிட்டு, "யாரக் கூப்டற?" என்றாள்.

"புள்ளய."

"புள்ள அங்கன்வாடில இல்ல கீது?"

"தெரியும்."

அவள் மறுபடி கயிற்றைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நகர்ந்தாள்.

சாயங்காலம் அடுப்பில் இறால் பொரித்துக்கொண்டிருந்தேன். அவன் வாசலில் பேனரின் ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே அத்தை கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது.

அவன் திரும்பவில்லை.

"இன்னாம்மா?" என்று மாமனார் வந்து நின்றார்.

உங்களை இல்லை என்று எப்படிச் சொல்வது. பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், வந்திருக்கிறார். பெரிய மனுஷன். வெறும் கையோடு அனுப்ப முடியாது. ஒரு தட்டில் நாலு இறால் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே தின்றார். "உப்பு சரியா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாளும் கூப்பிட்டேன். அடுத்த நாளும் அவர்தான் வந்தார். அதற்கு அடுத்த நாள் கரையிலிருந்தே வந்தார். அவ்வளவு தூரத்துக்கு என் குரல் கேட்டிருக்காது. வேண்டுமென்றே செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தட்டை மட்டும் நீட்டுவார்.

"எண்ண ஊத்தி மாளல. யாரக் கூப்டறன்னு தெளிவா கூப்டு" என்றார் அத்தை.

"தெளிவாத்தான் கூப்டறேன் அத்த. ரெண்டு பேருக்கும் அதான் பேரு."

சின்னவர் இத்தனை நாளும் வாசலில் நின்று தாத்தா தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் உள்ளே வந்தான்.

"தாத்தாக்கு மட்டும் ஏன் குடுக்கற?"

"பேரு சொல்லிக் கூப்ட்டேன். வந்தாரு."

"என்ன ஏன் கூப்டல?"

"உன்னத்தான் கூப்ட்டேன். அதான் உன் பேரும்."

யோசித்தான். தாத்தாவைப் பார்த்தான். தாத்தா மெல்வதை நிறுத்திவிட்டு, "ஆமாப்பா. ஒனக்கும் அதான்" என்றார்.

மறுநாள் நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டான். மாமனார் அப்போதுதான் வாசல்படி ஏறினார். "நான்தான் மொதல்ல" என்று அவரைத் தள்ளினான். அவர் தள்ளி நின்றுகொண்டார். இரண்டு பேருக்கும் தட்டு வைத்தேன்.

அங்கன்வாடியிலும் திரும்பிப் பார்க்கிறானாம். டீச்சர் சொன்னார்.

ஆனால் தொல்லை தீரவில்லை. இப்போது அந்தப் பேர் எங்கே கேட்டாலும் ஓடுகிறான். நெட்டையை யாராவது கூப்பிட்டால் இவன் முன்னால் போய் நிற்கிறான். போன வாரம் கட்சிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தலைவருக்குப் பிறந்த நாள். தலைவர் பேரை அவர்கள் ஒரு முறையா சொல்வார்கள். இவன் சட்டை இல்லாமல் ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓடினான்.

எட்டிப் பிடித்தேன். "உன்ன இல்லடா. அது வேற ஆளு" என்றேன்.

"என் பேருதான் சொல்றாங்க" என்றான். "இன்னான்னு கேட்டுட்டு வரேன்" என்று கையை உதறிக்கொண்டு ஓடினான். மைக் வைத்திருந்தவர் குனிந்து அவனிடம் என்னமோ கேட்டார். இவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி என்னமோ சொன்னான். அவர் சிரித்துவிட்டு ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.

நான் போய் இழுத்துக்கொண்டு வந்தேன்.